தாத்தா அனுப்பாத கடிதங்கள்: எரிப்பதா, வைப்பதா, அந்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுப்பதா?

பர்மாவின் மோல்மீனிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அவருடைய தாத்தா இரண்டாம் உலகப் போரில் ராயல் இந்தியக் கடற்படையில் மாலுமி. வீட்டைப் பிரித்துக் கட்டுவதற்காகச் சாமான்களை ஒதுக்கும்போது, அந்தக் காலத்தில் ஐம்பது சிகரெட் அடைத்து வருமே, அந்த வட்டத் தகர டின் ஒன்று பரணில் கிடைத்திருக்கிறது. உள்ளே சுருட்டி வைத்த கடிதங்கள். எல்லாமே ஒரே பெண்ணுக்கு. அடுத்த வீட்டில் கூடவே வளர்ந்தவர். ஒன்றில்கூடக் காதல் என்ற பேச்சு கிடையாது. கப்பலில் என்ன சாப்பாடு, யாருக்குக் காய்ச்சல், உங்கள் வீட்டுக் கிணற்றுச் சுவர் குண்டுக்குத் தப்பியதா, இவ்வளவுதான். ஆனால் கிணற்றைப் பற்றி எல்லாக் கடிதத்திலும் கேட்டிருக்கிறார். ஒன்றையும் அனுப்பவில்லை.

தாத்தாவும் இல்லை, அப்பத்தாவும் இல்லை. எரித்துவிடு என்கிறார் பெரியப்பா. அந்த அம்மாவின் பிள்ளைகளைத் தேடிக் கொடுக்க வேண்டும் என்கிறாள் தங்கை. கதையாக எழுதினால் நன்றாக இருக்கும் என்கிறார் இன்னொரு உறவினர். யார் பேச்சைக் கேட்பது?

பழைய கையெழுத்து வாசிப்பான் என்று ரங்கூனில் எனக்கு ஒரு பெயர் விழுந்துவிட்டதால் இந்த மாதிரி மூட்டைகள் அடிக்கடி என்னிடம் வரும். கணக்குப் புத்தகம், ஜாதகம், நிலப் பத்திரம் என்றால் பிரச்சினை இல்லை, வாசித்துக் கொடுத்தால் வேலை முடிந்தது. கடிதம் வந்தால்தான் வீட்டில் சண்டை.

## எதை வைத்து எடை போடுவது

எல்லாரும் முதலில் கேட்பது, 'தாத்தா என்ன நினைத்திருப்பார்?' என்று. நான் இதைக் கடைசியில்தான் வைப்பேன். செத்தவர் மனதை அவரவர் வசதிக்குத் தக்கபடிதான் ஊகிப்போம். பெரியப்பாவின் தாத்தா ஒரு மாதிரி, தங்கையின் தாத்தா வேறு மாதிரி.

அதற்கு முன் பார்க்க வேண்டியவை நான்கு. செய்த பிறகு மாற்ற முடியுமா? உயிரோடு இருப்பவர்களில் யாரை இது தொடும்? கடிதங்கள் போகாமல் இருந்தது அவர் முடிவா, போரின் முடிவா? காகிதம் இன்னும் எவ்வளவு நாள் தாங்கும்?

முதல் கேள்விக்கு ஒரு வார்த்தை. எரிப்பதை மாற்ற முடியாது என்பது எல்லாருக்கும் தெரியும். சொல்வதையும் மாற்ற முடியாது என்பதை மறந்துவிடுகிறோம். அந்த வீட்டுப் படியேறி 'எங்கள் தாத்தா உங்கள் அம்மாவை...' என்று ஆரம்பித்துவிட்டால் அப்புறம் அதை விழுங்க வழியில்லை. கதையாக அச்சில் போட்டாலும் அப்படித்தான். மற்ற வழிகளில் பின்வாங்க இடம் இருக்கிறது.

## தேதியைப் பார்க்காமல் எதையும் முடிவு செய்யாதீர்கள்

மூன்றாவது கேள்விக்குப் பதில் கடிதத்தின் மூலையிலேயே இருக்கிறது. ஆனால் யாரும் அங்கே பார்ப்பதில்லை.

ரங்கூன்மீது முதல் குண்டு விழுந்தது 1941 டிசம்பர் 23. மோல்மீன் ஜப்பானியர் கைக்குப் போனது 1942 ஜனவரி 31. ரங்கூன் மார்ச் 8. அதோடு இந்தியாவுக்கும் பர்மாவுக்கும் இடையே சாதாரணத் தபால் நின்றுபோனது. கப்பலில் டெக் டிக்கெட் கிடைத்து மதராஸ் போய்ச் சேர்ந்தவர்கள், அரக்கான் வழியாகவும் எல்லை ஊரான தமு வழியாகவும் நடந்தே போனவர்கள், நடந்து வழியிலேயே விழுந்தவர்கள் என்று லட்சக்கணக்கில் நம் ஜனங்கள் சிதறிய காலம். மதராஸில் இறங்கிய பர்மாத் தமிழ்ப் பையன் ஒருவன் வேலைக்காகக் கடற்படையில் சேர்ந்தது ஆச்சரியமே இல்லை. 1939இல் 2,000 பேர்கூட இல்லாத அந்தக் கடற்படை, போர் முடியும்போது சுமார் 30,000 பேராக வளர்ந்திருந்தது. மதராஸ் மாகாணத்திலிருந்தும் ஏராளமாக ஆள் எடுத்தார்கள்.

ஆக, 1942 பிப்ரவரிக்கும் 1945க்கும் நடுவே மோல்மீனுக்கு எழுதிய கடிதத்தில் 'ஏன் அனுப்பவில்லை' என்ற கேள்விக்கே இடமில்லை. அனுப்ப வழி கிடையாது. அனுப்ப முடியாது என்று தெரிந்தும் ஏன் எழுதினார் என்று கேட்டால் அது வேறு.

இன்னொன்றையும் கவனியுங்கள். 1945 ஜனவரியில் அரக்கான் கரையில் படைகள் இறங்கியபோது ஜம்னா, நர்பதா என்ற நம் கப்பல்கள் கடலிலிருந்து பீரங்கி அடித்தன. அந்த மாதிரிக் கப்பலில் இருந்த பர்மாப் பையனுக்குச் சொந்த நாட்டுக் கரை கண்ணுக்குத் தெரிந்திருக்கும். இறங்க முடியாது. எங்கே இருக்கிறோம் என்று எழுதவும் கூடாது. மாலுமிகளின் கடிதங்கள் தணிக்கையாகிப் போன காலம், மனதில் இருப்பதை யாரோ ஒரு அதிகாரி படிப்பார் என்று தெரிந்தேதான் எழுத வேண்டும். போய்ச் சேருகிற இடத்திலும் நிலைமை அப்படித்தான். அந்தப் பெண்ணுக்குப் படிக்கத் தெரியாவிட்டால், தெருவில் படிக்கத் தெரிந்த ஒருவர் திண்ணையில் உட்கார்ந்து எல்லார் காதிலும் விழும்படி வாசிப்பார். கிணற்றுச் சுவரைப் பற்றி மட்டும் கேட்டு நிறுத்திக்கொண்டதில் ஒரு புத்திசாலித்தனம் இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

ரங்கூன் 1945 மே தொடக்கத்தில் மீண்டது. மோல்மீனுக்கு ஆகஸ்டில் ஜப்பான் சரணடையும்வரை விடியவில்லை. அதற்குப் பிறகு தேதி போட்ட கடிதம் என்றால் கதை மாறுகிறது. தபால் மெல்ல ஓட ஆரம்பித்துவிட்டது, ஆளும் ஊர் திரும்பியிருக்கலாம். அப்போதும் கொடுக்கவில்லை என்றால் அந்த மௌனம் அவருடையது.

தேதியே இல்லாவிட்டால் உறை, தபால்தலை, காகிதத்தில் அச்சடித்த முகவரி என்று தேடுங்கள். 1937 ஏப்ரலில் இந்தியாவிலிருந்து பர்மா பிரிந்த பிறகு இரண்டுக்கும் தபால்தலை தனித்தனி.

## வழி 1: எரித்துவிடுவது

பெரியப்பாவைக் கல்நெஞ்சக்காரர் என்று நினைக்க வேண்டாம். அவருக்கு அம்மா நினைவு முதலில் வருகிறது. ஐம்பது வருடம் தாத்தாவுக்குச் சோறு போட்டவர் பெயர் எந்தக் கடிதத்திலும் இல்லையே என்ற வலி அது.

எரிப்பது சரியாக இருக்கும் ஒரே சூழல், தாத்தா தெளிவாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தால். அதுவும் யாரும் பிரித்துப் படிப்பதற்கு முன். படித்த பிறகு எரித்தால் என்ன ஆகும்? காகிதம் போய்விடும், சேதி நிற்கும். நாளைக்கு யாராவது 'அதில் என்னென்னவோ இருந்ததாம்' என்று கிளப்பினால், இல்லை, கிணற்றைப் பற்றித்தான் கேட்டிருந்தார் என்று காட்டக் கையில் ஒன்றும் இருக்காது. அப்பத்தாவின் மரியாதைக்காக எரித்தது அவருக்கே எதிராகத் திரும்பும்.

கூடவே தாத்தாவின் கடற்படைச் சேவைக்குச் சாட்சியாக வீட்டில் இருப்பது அந்த டின் மட்டும்தானோ என்னவோ. அதையும் பாருங்கள்.

## வழி 2: வீட்டிலேயே வைத்துக்கொள்வது

பெரும்பாலான குடும்பங்கள் இதைத்தான் செய்கின்றன. முடிவு எடுத்துச் செய்வதில்லை, முடிவு எடுக்காததால் அப்படி ஆகிவிடுகிறது. செலவே இல்லாத மாதிரி தெரியும். ஆனால் நம் மழைக்காலம் காகிதத்தைச் சும்மா விடாது. கரையான், பூச்சி, தகர டின்னின் துரு என்று ஒவ்வொன்றும் ஒரு பக்கம் தின்னும். 2025 மார்ச் 28 நிலநடுக்கத்துக்குப் பிறகு, ஒரே வீட்டில் ஒரே பிரதியாக எதையும் வைக்காதீர்கள் என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

வைப்பதென்றால் ஒழுங்காக வையுங்கள். டின்னிலிருந்து எடுங்கள். சுருண்ட காகிதத்தை அழுத்தி நிமிர்த்தாதீர்கள், இஸ்திரிப் பெட்டி பக்கம் போகவே கூடாது. சுத்தமான வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, லேசான புத்தகம் ஒன்றை மேலே வைத்தால் சில நாளில் தானாக இளகும். மடிப்பில் விரிசல் தெரிந்தால் அதோடு நிறுத்திவிட்டு விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். குண்டூசி இருந்தால் மெதுவாகக் கழற்றுங்கள். செலோடேப் ஒட்டுவது, லேமினேஷன் போடுவது இரண்டும் காகிதத்தைக் கொல்லும். ஜன்னல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல், இரண்டு பக்கமும் போனில் படம் எடுத்து இரண்டு வேறு ஊர்களில் இருக்கும் இரண்டு பேரிடம் கொடுத்து வையுங்கள்.

இன்னொரு செலவு, அடுத்த தலைமுறை. வீட்டுப் பிள்ளைகள் சிங்கப்பூர், கோலாலம்பூர் என்று போய்விடுகிறார்கள். தமிழ் பேசுவார்கள், கையெழுத்து வாசிக்க வராது. கடிதத்தோடு, இவர் யார், அந்த அம்மா யார், எந்தத் தெரு என்று ஒரு பக்கம் எழுதி வைக்காவிட்டால் முப்பது வருடத்தில் அது வெறும் பழைய தாள்.

## வழி 3: அந்த வீட்டில் கொடுப்பது

தங்கையின் மனது புரிகிறது. ஆனால் நான்கு வழிகளில் இதற்குத்தான் அதிக யோசனை வேண்டும்.

முதலில் கணக்கு. 1942இல் பதினெட்டு வயது என்றால் அந்த அம்மா இப்போது நூறைத் தாண்டியிருக்க வேண்டும். இருந்தால் அவரிடம் மட்டும், தனியாக, அவருடைய மகன்களோ மருமகள்களோ பக்கத்தில் இல்லாத நேரத்தில் பேசுங்கள். தாத்தாவின் பெயரைச் சொல்லுங்கள், அவ்வளவுதான். அவர் பேசினால் கேளுங்கள். பேச்சை மாற்றினால் நீங்களும் மாற்றுங்கள்.

பெரும்பாலும் அவர் இருக்க மாட்டார், பிள்ளைகள்தான் இருப்பார்கள். எங்கே என்பது அடுத்த சிக்கல். 1964இல் கடைகள் தேசியமயமாகி, 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போய், லட்சக்கணக்கான இந்தியர்கள் பர்மாவை விட்டுப் போனார்கள். அந்தக் குடும்பம் வியாசர்பாடியில் இருக்கலாம், திருச்சியில் இருக்கலாம், எல்லையிலேயே தங்கி மோரேயில் இருக்கலாம். பீலிக்கான் அங்காளம்மன் திருவிழாவுக்கு வருகிறவர்களிடம் தெருப் பெயரும் குடும்பப் பெயரும் சொல்லி விசாரித்தால் யாராவது ஒருவருக்குத் துப்பு தெரிந்திருக்கும். வாட்ஸப் குழுவில் மட்டும் போடாதீர்கள். கடிதத்தைப் படம் எடுத்து 'இவர் குடும்பம் யாருக்காவது தெரியுமா' என்று போட்டால், அந்தக் குடும்பத்துக்குப் போய்ச் சேருவதற்குள் நாலு நாட்டில் நாலு கதை ஓடிவிடும்.

அப்புறம் யாரும் வெளியே சொல்லாத செலவு ஒன்று இருக்கிறது. அந்த அம்மாவின் மூத்த பிள்ளை 1946, 47 வாக்கில் பிறந்திருந்தால், தாத்தா ஊர் திரும்பிய தேதியையும் அந்தப் பிறந்த தேதியையும் ஊர் எண்ணிப் பார்க்கும். கடிதத்தில் கிணறு மட்டும்தான் இருக்கிறது என்று நீங்கள் சொன்னாலும் எண்ணும். இரண்டு குடும்பமும் வேறு வேறு சாதி என்றால் இன்னும் மோசம். இதில் பழி முழுவதும் பெண் பக்கம்தான் விழும். தாத்தாவுக்கு 'பாவம், மனசுக்குள்ளேயே வைத்திருந்தார்' என்ற அனுதாபம் கிடைக்கும், அந்த அம்மாவைப் பற்றிக் கேள்வி வரும். அந்த அம்மா இவரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இருந்திருக்கலாம் என்பதை யாரும் யோசிக்க மாட்டார்கள். கடிதங்கள் அவர் கைக்கு வரவே இல்லை. அவர் எதற்கும் பதில் சொல்ல வேண்டியவர் அல்ல.

சரி, எப்போது கொடுக்கலாம்? அந்தப் பக்கத்தில் போர்க்காலத்தைப் பற்றி, பழைய தெருவைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படும் பெண் ஒருவர் இருந்தால். கடலிலேயே இறந்துபோன மாலுமியின் கடிதங்கள் என்றாலும் நான் இந்தப் பக்கமே சாய்வேன். போரில் கடலில் போன கடற்படையினர் 400 பேருக்கு மேல், வணிகக் கப்பல் மாலுமிகள் கிட்டத்தட்ட 6,000 பேர் என்று அவர்கள் பெயர்களை எழுதிய ஏடு மும்பையில் ஒன்றும் சிட்டகாங்கில் ஒன்றும் இருக்கிறது. அப்படிப் போனவர் மௌனமாக இருக்க முடிவெடுத்தார் என்று யாரும் சொல்ல முடியாது.

போவதென்றால் முதல் முறை வெறுங்கையோடு போங்கள். வயதான பெண் ஒருவர் கூட வரட்டும். பழைய அக்கம்பக்கம் என்று உறவு சொல்லி உட்கார்ந்து, அவர்கள் அம்மாவைப் பற்றி அவர்களே பேசக் கேளுங்கள். சில வீடுகளில் மகளுக்கு ஏற்கனவே தெரிந்திருக்கும்.

## வழி 4: ஆவணகமா, அச்சா

இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன், இரண்டிலும் விஷயம் வெளியே போகிறது.

1994இல் தொடங்கி இப்போது சென்னை தரமணியில் இருக்கும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தின் பலம் அச்சுப் புத்தகங்கள். கையெழுத்துத் தாள்களை எடுப்பார்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் மூலத்தை வாங்கிக்கொள்ளாது, பிரதி எடுக்கப் பணம் கொடுக்கும். ஒரு டின்னுக்காக அவர்களிடம் போக முடியாது, ஊரில் பத்துக் குடும்பம் சேர்ந்தால் பேசிப் பார்க்கலாம். ஆனால் அங்கே எடுத்த பிரதி இணையத்தில் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி வரும். பெயர் வெளியே தெரியக்கூடாது என்றால் அது தோதுப்படாது. எந்த இடமானாலும், இத்தனை வருடம் திறக்கக்கூடாது என்று எழுத்தில் நிபந்தனை கேளுங்கள்.

இந்த வழிக்கு வலு சேர்ப்பது கடிதத்தில் காதலைத் தவிர என்ன இருக்கிறது என்பதுதான். 1946 பிப்ரவரி 18இல் பம்பாயில் தல்வார் என்ற கடற்படைக் கரைத்தளத்தில் மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கி, மற்றத் துறைமுகங்களுக்கும் பரவி, பின்னால் நூற்றுக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். அந்த மாதத்தில் ஒரு சாதாரணத் தமிழ் மாலுமி எழுதிய நாலு வரி இருந்தால்கூட வரலாறு எழுதுகிறவர்கள் தேடி வருவார்கள்.

எல்லா வாரிசும் சம்மதித்தால் கதையாக எழுதுவதற்குச் சட்டம் குறுக்கே நிற்காது. சாதாரணமாகத் தாள் பெற்றவருக்குச் சொந்தம், எழுத்தின் உரிமை எழுதியவருக்கு. அனுப்பாத கடிதத்தில் இரண்டுமே தாத்தாவின் வாரிசுகளுக்குத்தான், அத்தனை வாரிசுகளுக்கும் சேர்த்து. பெரியப்பா தனியாக எரிக்க முடியாது என்பது போலவே, உறவினர் தனியாக அச்சிடவும் முடியாது. பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். மோல்மீன், மாலுமி, அடுத்த வீடு, கிணறு என்று வந்தாலே நம் ஆட்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். ஊரையும் மாற்ற வேண்டியிருக்கும். அத்தனையும் மாற்றிய பிறகு அது தாத்தாவின் கதையா என்பது எழுதுகிறவர் தலைவலி.

| வழி | மாற்ற முடியுமா | மறைந்திருக்கும் செலவு | பொருந்தும் இடம் |
|---|---|---|---|
| எரிப்பது | முடியாது | வதந்திக்குப் பதில் சொல்ல ஆதாரம் போய்விடும் | எழுதியவரே சொல்லியிருந்தால், யாரும் படிக்கும் முன் |
| வீட்டில் வைப்பது | முடியும் | ஈரம், கரையான், வாசிக்கத் தெரியாத பேரப்பிள்ளைகள் | முடிவு எட்டாதபோது |
| அந்த வீட்டில் கொடுப்பது | முடியாது | பெண் பக்கம் விழும் பழி | போரால் போகாத கடிதங்கள், கேட்க விரும்பும் வீடு |
| ஆவணகம் | நிபந்தனையைப் பொறுத்தது | பொதுப் பார்வை | போர், கப்பல் பற்றிய செய்தி இருந்தால் |
| கதை | முடியாது | ஊர் அடையாளம் கண்டுகொள்ளும் | இரண்டு பக்கமும் சம்மதித்தால் |

## மோல்மீன் வாசகிக்கு

நீங்கள் அனுப்பிய படங்களைப் பார்த்தேன். ஒன்றைத் தவிர எல்லாமே 1942 முதல் 1945 வரை தேதி போட்டவை. கடைசிக் கடிதத்தில் 1946 ஏப்ரல் என்று இருக்கிறது, மோல்மீனிலேயே எழுதியது. அடுத்த வீட்டில் இருந்தவருக்குத் தாத்தா கடிதம் எழுதியிருக்கிறார்.

அந்தக் கடிதங்களை ஒரே கட்டாக நினைக்க வேண்டியதில்லை. போரின்போது எழுதியவை தபால் இருந்தால் போயிருக்கக்கூடிய கடிதங்கள். யார் காதில் விழுந்தாலும் பாதகமில்லாத மாதிரிதான் எழுதியும் இருக்கிறார். அவற்றின் பிரதியை, நான் மேலே சொன்ன மாதிரி பக்குவமாக விசாரித்த பிறகு, அந்தக் குடும்பத்துக்குக் கொடுக்கலாம். அவர்கள் வீட்டைப் பற்றி, அவர்கள் தெருவைப் பற்றிப் போர்க்காலத்தில் ஒருவர் விசாரித்துக்கொண்டே இருந்தார் என்பது நல்ல சேதிதான். 1946 கடிதத்தை வீட்டிலேயே வையுங்கள். நாலு அடி தூரத்தில் ஆள் இருந்தும் அவர் கொடுக்காததை நாம் கொடுக்க வேண்டாம். கதைக்கும் அது போகக்கூடாது என்பது என் கருத்து. உங்கள் உறவினர் வருத்தப்படுவார்.

பெரியப்பாவிடம் முதலில் 1942 கடிதங்களை மட்டும் வாசித்துக் காட்டுங்கள். அவர் இன்னும் ஒன்றையும் படிக்கவில்லை என்று நீங்கள் எழுதியிருப்பதால் சொல்கிறேன். படித்த பிறகும் வேண்டாம் என்றால் அவர் இருக்கும்வரை அந்த வீட்டுக்குப் போக வேண்டாம், அவரும் வாரிசு. படம் எடுத்து வைக்கும் வேலையை மட்டும் மழை பிடிப்பதற்குள் முடித்துவிடுங்கள்.